காசநோய்க் கிருமியின் ஏட்டைத் திருத்தும் சென்னைப் புரதங்கள்

இக்காலத் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பயிற்றுவிக்கும் எவரும் இரண்டு மறைவுகளைக் குறிப்பிடாமல் கடந்து செல்ல இயலாது. 1948ஆம் ஆண்டில் புதுமைப்பித்தன் மறைந்தார்; அவருக்கு அப்போது வயது 42. 1954ஆம் ஆண்டில் கல்கி மறைந்தார், அவருக்கு 55. நடையாலும் நோக்காலும் எதிரெதிர்த் திசைகளில் நின்ற அவ்விருவரையும் கொண்டுசென்ற நோய் ஒன்றே, அது காசநோய். நம் வீட்டு முதியவர்கள் அந்நோயின் பெயரை உரக்கச் சொல்லுவதில்லை. ‘சயம்’ என்றோ ‘என்புருக்கி’ என்றோ குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். சம்பந்தம் பேசும் இடத்தில் அச்சொல் காதில் விழுந்தால் பேச்சு அவ்வளவோடு முறிந்துபோகும்.

அந்நோய் பழங்கதையாகிவிட்டது என்று மாணவர் பலர் கருதுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். பன்னிரண்டரை இலட்சம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். இத்தகைய நோயை ஆராய்வதற்கு உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இன்று கையாளும் கருவிகளுள் ஒன்று, நம் சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வைரஸிலிருந்து பெறப்பட்டது என்பது நம்மில் எத்துணைப் பேருக்குத் தெரியும்? அச்செய்தியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதுபவன் அறிவியல் பயின்றவன் அல்லன், தமிழ் பயிற்றுபவன். ஆதலின் கலைச்சொற்களின் நெரிசலைக் கூடியவரை தவிர்த்தே எழுதுகின்றேன்.

கிருமியைக் கொல்லும் கிருமி

வைரஸ் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சளிக்காய்ச்சலும் அம்மையும் அண்மையில் உலகை முடக்கிய கோவிட் பெருந்தொற்றுமே ஆகும். ஆயின் வைரஸ்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதனைத் தீண்டுவதே இல்லை. பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்களையே அவை பற்றுகின்றன. மண்ணிலும் நீரிலும் சாக்கடையிலும் நம் குடலிலும் அவை எண்ணிலடங்காமல் நிறைந்துள்ளன.

இவற்றிற்குத் தமிழில் பெயரிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வைரஸைக் குறிக்க நாம் ஆக்கிக்கொண்ட ‘நச்சுயிரி’, ‘தீநுண்மி’ ஆகிய இரண்டு சொற்களிலும் தீமை முன்னொட்டாக ஏறி அமர்ந்துவிட்டது. மனிதனுக்குப் பகையான கிருமியைக் கொல்லும் ஒன்றைத் தீநுண்மி என்று அழைப்பது பொருந்துமா? மேலை மொழிகளில் ‘பாக்டீரியாவைத் தின்பது’ என்னும் பொருள்பட ‘பாக்டீரியோபேஜ்’ என்றனர். உண்மையில் அது எதையும் தின்பதில்லை. உள்ளே புகுந்து பெருகி, வெடித்து வெளியேறுகின்றது. எனினும் அப்பெயர் நிலைத்துவிட்டமையால் நாமும் ‘தின்னி வைரஸ்’ என்றே வழங்குவோம்.

இவ்வரலாற்றின் முதல் ஏட்டில் நம் நாட்டின் ஆறுகள் இடம்பெறுகின்றன. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்னும் ஆங்கில அறிஞர், கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் காலராக் கிருமிகள் விரைந்து மடிவதையும், அந்நீரைக் கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் மறைந்துபோவதையும் 1896ஆம் ஆண்டில் எழுதினார். அவர் கண்டது தின்னி வைரஸின் செயலாக இருக்கலாம் எனப் பிற்காலத்தார் கருதினர். 1915இல் இலண்டனில் டுவார்ட் என்பாரும், 1917இல் பாரிசில் டெரெல் என்பாரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். மேற்குறித்த பெயரைச் சூட்டியவர் டெரெல். காலராவுக்கு இதனை மருந்தாக்கிப் பார்க்க அவர் 1927இல் இந்தியாவுக்கே வந்தார். பின்னர்ப் பெனிசிலின் முதலிய மருந்துகள் பெருவழக்கு எய்தவே, தின்னி வைரஸ் மருத்துவம் பெரும்பாலான நாடுகளில் ஓரங்கட்டப்பட்டது.

வைரஸ் வேறு, அதன் புரதம் வேறு

ஒரு தின்னி வைரஸ் செய்யவேண்டிய தொழில்கள் மிகச் சில. பாக்டீரியாவின் புறச்சுவரைப் பற்ற வேண்டும். அதில் துளையிட வேண்டும். தன் மரபுப்பொருளை உட்செலுத்த வேண்டும். அதனைப் படியெடுக்க வேண்டும். இறுதியில் சுவரை உடைத்து வெளிவர வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு புரதம் அல்லது ஒரு சில புரதங்கள். தச்சனின் பைக்குள் உளியும் இழைப்புளியும் வாளும் தனித்தனியே இருப்பதைப்போல, இவ்வைரஸிலும் கருவிகள் பிரிந்தே கிடக்கின்றன. தச்சனை விட்டுவிட்டு உளியை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் என்ன என்று அறிவியலார் எண்ணியதன் பயனே இன்றைய உயிரித் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி எனலாம்.

டி4 என்னும் வைரஸின் பிணைப்பு நொதி, அறுந்த டி.என்.ஏ. இழைகளை ஒட்டும் பசையாக 1960களின் இறுதியிலிருந்து ஆய்வுக்கூடங்களில் பயன்படுகின்றது. டி7 வைரஸின் நொதி ஒன்று இல்லையேல், கோவிட் காலத்தில் வந்த தூது ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளை அவ்வளவு விரைவில் உற்பத்தி செய்திருக்க இயலாது. வைரஸின் மேலுறைப் புரதத்தோடு வேறொரு புரதத்தை இணைத்து வெளிக்காட்டும் முறையை 1985இல் ஜார்ஜ் ஸ்மித் வகுத்தார். அம்முறையைக் கிரிகரி விண்டர் வளர்த்தெடுத்ததன் பயனாக முடக்குவாதத்திற்கு மருந்து பிறந்தது. இருவரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். பெங்களூரில் கங்காஜென் என்னும் நிறுவனம், சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின் சுவரை அரிக்கும் ஒரு புரதத்தை, தின்னி வைரஸின் வால்பகுதிப் புரதத்திலிருந்து வடித்தெடுத்தது. நிறுவனத்தின் பெயரில் கங்கை நிற்பது ஹான்கினை நினைவூட்டுகின்றது.

இவற்றையெல்லாம் விரித்தால் மலரின் பக்கங்கள் போதா. நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

சேத்துப்பட்டு

1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதனை நிறுவின. அக்காலத்தில் காசநோயாளியைத் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்கவைப்பதே முறையான மருத்துவம் என்று கருதப்பட்டது. சத்துணவும் ஓய்வும் தூய காற்றும் இன்றி நோய் தீராது என்பது அன்றைய நம்பிக்கை. நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில், எளிய உணவோடு வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தனர் என்று அந்நிலையம் 1959இல் எடுத்துக்காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே அம்முடிவு மாற்றியது.

நம் பகுதிக்கும் அந்நிலையத்தோடு பழைய தொடர்பு உண்டு. அன்று செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த பகுதியில், திருவள்ளூரை உள்ளிட்ட ஊர்களில், 1968இல் தொடங்கிப் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் மாபெரும் ஆய்வு நடைபெற்றது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதன் கசப்பான முடிவு. கசப்பான முடிவை மறைக்காமல் வெளியிட்டமையும் ஆய்வாளர்க்குரிய அறமே. காசநோய் ஆராய்ச்சி நிலையம் எனப் பின்னர் வழங்கப்பட்ட அவ்விடம், 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது.

அந்நிலையத்தில் வனஜா குமார் முதலிய ஆய்வாளர்கள், காசநோய்க் கிருமியையும் அதன் உறவினங்களையும் பற்றும் தின்னி வைரஸ்களைச் சென்னையில் தேடிப் பிரித்தெடுத்தனர். செ8, செ9சி, செ9டி, செ12 என்பன அவற்றுட் சிலவற்றின் பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கால் சென்னையின் முதல் மூன்று எழுத்துகளே அப்பெயர்களின் தலையில் நிற்கின்றன. அவற்றுள் முதல் மூன்றும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹாட்புல் என்பாரின் குழுவினரால் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பெற்றன. பல ஊர்களில் கிடைத்த பத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரையில் வனஜா குமாரும் ஓர் ஆசிரியர்.

செ9சி வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 57,000 எழுத்துகள் கொண்டது. அதில் 60ஆம், 61ஆம் மரபணுக்கள் ஆய்வாளரின் கண்ணை ஈர்த்தன. குடல்வாழ் பாக்டீரியா ஒன்றில் டி.என்.ஏ. இழைகளைக் கலந்து இணைக்கும் இரண்டு புரதங்களை அவை ஒத்திருந்தன. காசநோய்க் கிருமியின் இனத்தைப் பற்றும் வைரஸ்களுள் அத்தகைய இணை அன்று அரிதாகவே அறியப்பட்டிருந்தது.

ஏடு படிக்கலாம், திருத்த இயலாது

அந்த இணை ஏன் அத்துணை விலைமதிப்புடையதாயிற்று என்பதை அறியக் காசநோய்க் கிருமியின் குணத்தை அறிதல் வேண்டும். குடல்வாழ் பாக்டீரியா இருபது நிமிடங்களில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். தட்டில் வளர்த்துக் கண்ணால் காண வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெழுகு போன்ற தடித்த சுவர் அதனைக் கவசமெனச் சூழ்ந்துள்ளது.

1998ஆம் ஆண்டில் அக்கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. நாற்பத்து நான்கு இலட்சம் எழுத்துகள். ஏறத்தாழ நாலாயிரம் மரபணுக்கள். ஆனால் சுவடி கிடைத்துவிட்டால் பொருள் விளங்கிவிடுமா? எந்த மரபணு எப்பணியைச் செய்கின்றது என்பதை அறிய, அதை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். அல்லது ஓரெழுத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். நீக்கியபின் கிருமி மருந்துக்கு மடிந்தால், அம்மரபணுவே அதன் காப்பு என்று தெளியலாம். வேறு பாக்டீரியாக்களில் எளிதாக நடந்த இவ்வேலை காசநோய்க் கிருமியிடம் பலிக்கவில்லை. உட்செலுத்திய டி.என்.ஏ. துண்டு உரிய இடத்தில் சேராமல், கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது.

இதைப் பதிப்புத்துறை உவமையால் விளக்குதல் தமிழ் மாணவர்க்கு எளிது. ஓர் ஓலைச்சுவடியில் நடுவே உள்ள பிழையான அடியை மாற்ற விரும்புகின்றோம். புதிய அடியை எழுதுகையில், அதற்கு முன்னுள்ள சில அடிகளையும் பின்னுள்ள சில அடிகளையும் சேர்த்தே எழுதித் தருகின்றோம். முன்னும் பின்னும் ஒத்துவரும் இடத்தைத் தேடிப் புதிய துண்டைப் பொருத்துவது படியெடுப்போனின் பொறுப்பு. காசநோய்க் கிருமியிடம் இருந்த படியெடுப்போன் கவனமற்றவன். செ9சி வைரஸின் இரண்டு புரதங்களும் கவனமுள்ள படியெடுப்போராக வந்து சேர்ந்தன.

அவை செய்வது இதுவே. டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று தழுவிய இரட்டை இழை. 60ஆம் புரதம் அத்துண்டின் முனைகளிலிருந்து ஓர் இழையை அரித்துக்கொண்டே செல்லும்; மற்றோர் இழை தனித்து வெளிப்படும். 61ஆம் புரதம் அத்தனியிழையின்மேல் படர்ந்து, அதற்கு ஒத்த எழுத்துகள் கிருமியின் ஏட்டில் எங்குள்ளனவோ அவ்விடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தும். பிட்ஸ்பர்க்கில் ஜூலியா வான் கெசல் என்னும் ஆய்வாளரும் ஹாட்புல்லும் இவ்விரண்டு மரபணுக்களையும் கிருமிக்குள் ஏற்றி, வேண்டும்போது மட்டும் அவை இயங்குமாறு அமைத்து, 2007இல் இம்முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே மற்றோர் உண்மை வெளிப்பட்டது. ஓரெழுத்தை மட்டும் மாற்றுவதாயின் 60ஆம் புரதம் தேவையே இல்லை. சிறிய ஒற்றையிழைத் துண்டும் 61ஆம் புரதமும் போதும்.

ஓரெழுத்து மாற்றம் என்ன செய்துவிடும் என்று ஐயுற வேண்டா. ‘களம்’ என்பதில் ஓரெழுத்து மாறினால் ‘குளம்’ ஆகிவிடுகின்றது. காசநோய்க்குத் தலையாய மருந்தான ரிபாம்பிசின், ஐசோனியாசிட் ஆகியவற்றை ஒரு நோயாளியின் கிருமி மீறி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இத்தகைய ஓரெழுத்து மாற்றமே. ஆயின் மருந்தை மீறிய ஒரு கிருமியின் ஏட்டைப் படித்தால் பல இடங்களில் மாற்றங்கள் தென்படும். அவற்றுள் எது குற்றவாளி, எது அருகில் நின்றவன்? சந்தேகத்துக்குரிய எழுத்தை மட்டும் நல்ல கிருமியில் புகுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். அவ்வாறு புகுத்தும் கை, சென்னை வைரஸின் 61ஆம் புரதம்.

2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு தின்னி வைரஸின் நொதியை இதே சென்னைப் புரதத்தோடு சேர்த்து, கிருமியின் மரபணுக்களை நீக்கவும் குறியிடவும் மேலும் எளிய முறையொன்றை அமைத்தனர். அம்முறையும் இன்று பல ஆய்வுக்கூடங்களில் வழக்கில் உள்ளது.

இலண்டன் மருத்துவமனையில்

இப்புரதங்களின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கிருமியின் ஏட்டைத் திருத்தும் கை, தின்னி வைரஸின் ஏட்டையும் திருத்தவல்லது என்பதை 2008இல் ஹாட்புல் குழுவினர் காட்டினர். அதன் பயன் பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு சிறுமியின் படுக்கையருகே வந்தது.

பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு 2017இல் இலண்டனில் நுரையீரல் மாற்று அறுவை நிகழ்ந்தது. காசநோய்க் கிருமியின் உறவினமான ஒரு பாக்டீரியா அறுவைப் புண்ணிலும் தோலிலும் ஈரலிலும் பரவியது. மருந்துகள் பயனளிக்கவில்லை. ஹாட்புல்லின் சேகரிப்பில் இருந்த வைரஸ்களுள் மூன்று அக்கிருமியைத் தாக்கக்கூடியவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அழுகிய கத்தரிக்காயில் மாணவி ஒருவர் கண்டெடுத்தது! அது இயல்பாகவே கொல்லும் தன்மையது. ஏனைய இரண்டும் கிருமிக்குள் புகுந்து, கொல்லாமல் உறங்கிக் கிடக்கும் இயல்புடையவை. அவற்றை உறங்கவைக்கும் மரபணுவை நீக்கினால் அவையும் கொல்லும். நீக்கும் வேலைக்குப் பயன்பட்டது மேலே சொன்ன முறை; செ9சி வைரஸின் 60ஆம், 61ஆம் புரதங்களைக் கொண்டு இயங்கும் முறை.

2018 ஜூன் முதல் நாளொன்றுக்கு இருமுறை, வேளைக்கு ஒவ்வொரு வைரஸிலும் நூறு கோடித் துகள்கள் வீதம், நரம்பின் வழியே செலுத்தப்பட்டன. அறுவைப் புண் மூடியது. ஈரலின் செயல் மேம்பட்டது. தோலில் இருந்த கட்டிகள் பெரும்பாலும் கரைந்தன. 2019இல் வெளியான அறிக்கை இவற்றைக் கூறிற்று. நோய் அடியோடு ஒழிந்தது என்று அது கூறவில்லை. ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்து இதனைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரப்படுத்துவோரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உண்மையான காசநோயில் கிருமி நம் உடலின் காவல் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால், வைரஸ் அங்குச் சென்று சேர்வது எளிதன்று.

மின்மினியின் ஒளி

செ12 வைரஸின் கதை வேறு. சென்னை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, காசநோய்க் கிருமிக்குள் புகுந்து உறங்கவும் வல்லது. நோயாளியின் கிருமி எம்மருந்துக்கு மடியும் என்பதை அறியப் பழைய முறையில் வாரங்கள் பல ஆகும். அதற்குள் நோயாளி தவறான மருந்தை உண்டு, நோயைப் பிறருக்கும் பரப்பிவிடக்கூடும். மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் நொதியின் மரபணுவைத் தின்னி வைரஸில் ஏற்றி, அதைக் கிருமியின்மேல் விடும் முறையை 1993இல் நியூயார்க்கில் வில்லியம் ஜேக்கப்ஸ் குழுவினர் வெளியிட்டனர். கிருமி உயிரோடிருந்தால் ஒளிரும். மருந்தால் செத்திருந்தால் ஒளிராது. சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் செ12 வைரஸையே இத்தகைய விளக்காக்கி 2008இல் வெளியிட்டனர். பெருகாமல் அடங்கிக் கிடக்கும் கிருமியையும் கண்டுபிடிக்க அது உதவுமா என்பதும் அவர்களின் ஆய்வில் அடங்கும். மரபுப்பொருளை நேரடியாகப் படித்துக் காட்டும் கருவிகள் பின்னர்ப் பரவியமையால் இவ்விளக்கு மருத்துவமனைகளின் அன்றாடச் சோதனையாக இடம்பெறவில்லை. எனினும் மின்மினியையும் மண்ணின் வைரஸையும் இணைத்துச் சென்னையில் ஏற்றிய விளக்கு அது.

பொருள் இங்கிருந்து சென்றது, கருவி அங்குச் செய்யப்பட்டது என்று மனம் வருந்துவோர் இருக்கலாம். எனக்கு அவ்வருத்தம் முழுவதும் உடன்பாடன்று. கட்டுரையில் சென்னை ஆய்வாளரின் பெயர் முறையாக இடம்பெற்றுள்ளது. வைரஸின் பெயரிலும் ஊர் அழியாமல் நிற்கின்றது. வருந்தத்தக்கது வேறொன்று. சேத்துப்பட்டு நிலையத்தின் 1959ஆம் ஆண்டு வெற்றியாவது மருத்துவ மாணவர்க்குத் தெரியும். செ9சி பற்றித் தமிழில் எழுதிய நூலொன்றை நான் கண்டதில்லை.

இத்தகைய வைரஸைத் தேடுவது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. அமெரிக்காவில் 2008 முதல் முதலாண்டுப் பட்ட மாணவர்கள் இதனைப் பாடமாகவே செய்கின்றனர்; கண்டெடுத்த வைரஸுக்குப் பெயர் சூட்டுவதும் அவர்களே. ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், 2019இல் சீரமைத்துப் பூங்காவாக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரி இருக்கின்றது. அதன் கரையில் ஈரமண் ஒரு கரண்டி எடுத்து, நீர்மத்தில் கரைத்து, பாக்டீரியா புகாத நுண்வடிகட்டியில் வடிக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவினமாயினும் பொதுவாக நோய் தராததும் விரைவில் வளர்வதுமான ஸ்மெக்மேட்டிஸ் என்னும் பாக்டீரியாவோடு அவ்வடிநீரைக் கலந்து, தகுந்த ஆசிரியரின் மேற்பார்வையில் தட்டில் பரப்ப வேண்டும். இரண்டொரு நாளில் தட்டு முழுவதும் பாக்டீரியா பால்போலப் படர்ந்திருக்கும். இடையே குண்டூசி முனையளவில் தெளிந்த வட்டங்கள் தென்பட்டால், அங்கே ஒரு தின்னி வைரஸ் இருக்கின்றது.